பக்கத்து ஊரிலேயே இலவச ஆபரேஷன் இருந்தும் அத்தைக்கு மூன்று வருஷம் பார்வை இல்லாமல் போனது ஏன்?

கரிசல்காட்டான்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். அப்பாவின் அக்கா அங்கே தனியாக இருக்கிறார், வயது 68. பங்குனிப் பொங்கலுக்குப் போயிருந்தபோது, வாசலில் நின்ற என்னைப் பார்த்து "யாருப்பா, தண்ணி வரிக்கு வந்திருக்கீங்களா?" என்றார். நான் வாயைத் திறந்த பிறகுதான் "ஏ, நம்ம பெரியவனா!" என்று கையைப் பிடித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று முழுக்கக் கவனித்தேன். சுவரைத் தொட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போகிறார். டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது உள்ளே ஒரு விரலை விட்டுக்கொள்கிறார், விரல் நனைந்தால் நிறுத்துகிறார். ரூபாய் நோட்டைத் தடவி நீளம் பார்க்கிறார். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு கண்ணிலும் பாப்பாவுக்குள் பால் ஆடை படிந்த மாதிரி வெள்ளை, கண்புரை.

கேட்டால், மூன்று வருஷமாக இப்படித்தானாம். "வயசானா கண்ணு மங்கத்தானே செய்யும், உங்களுக்கு ஏன் செலவு" என்கிறார். செலவே இல்லை! ஆறு கிலோமீட்டரில் வருஷாவருஷம் இலவசக் கண் முகாம் நடக்கிறது. ஆட்டோவில் மைக் கட்டி அவர் வீட்டு வாசல் வழியாகவே அறிவித்துக்கொண்டு போகிறார்கள், அது அத்தையின் காதிலும் விழுந்திருக்கிறது. போன மாதம் வலது கண் ஆபரேஷன் முடிந்தது, அடுத்தது இடது. எங்கள் குடும்பத்தின் மேல் தப்பு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் மட்டும் இன்னும் நாலைந்து பேர் இதே நிலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மருத்துவம் இருக்கிறது, இலவசம், தூரமும் இல்லை. பின்னே எங்கேதான் இடிக்கிறது?

முகாம்மணி:

தம்பி, நான் இருபது வருஷத்துக்கு மேலாகக் கண் முகாம் களப்பணியில் இருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, சொன்னால் விளம்பரம் என்பார்கள். நீங்கள் கேட்ட கேள்வியை எங்கள் துறையில் ஆய்வாகவே எடுத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள். தென் தமிழ்நாட்டு கிராமங்களில் செய்து 1999இல் வெளிவந்த ஆய்வு அது. கண்ணில் கோளாறு உள்ள பெரியவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்று பார்த்தால் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. கூட்டம் அலைமோதுகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. வந்த கூட்டம்தான் எங்கள் கண்ணில் பட்டது.

வராதவர்களிடம் போய்க் கேட்டால் முதலில் "நேரமில்லை" என்பார்கள், அப்புறம் "பயம்" என்பார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் உண்மை வரும்: கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. மகனுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். மருமகள் போனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும், மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் வேண்டும். ஆபரேஷன் இலவசம்தான், அதற்குப் போய் வருவதற்குக் கூலி இழப்பு, பஸ், சாப்பாடு என்று ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். உங்கள் அத்தை "உங்களுக்கு ஏன் செலவு" என்றாரே, அதுதான். நாங்கள் வேனில் ஏற்றிப் போய், தங்க வைத்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம் என்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள். "சும்மா எவன் செய்வான், கண்ணைத் தோண்டி வித்துருவான்" என்று கிளப்பிவிட ஊருக்கு ஒருவர் இருப்பார்.

அதற்கு ஒரே மருந்து, அதே தெருவில் ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு ஆள். நான் நோட்டீஸ் அடிப்பதைவிட, போன வருஷம் கண் தெரியாமல் இருந்த ஒரு பாட்டி இந்த வருஷம் தானே ஊசியில் நூல் கோப்பதைத் தெரு பார்த்தால் வேன் நிறையும். இன்னொன்று, புரை முற்றட்டும், முத்தாக விளையட்டும் என்று காத்திருக்கும் பழைய பழக்கம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை முழுசாக அப்படியே எடுத்த காலத்து வழக்கம் அது. இப்போது அதற்கு வேலையே இல்லை. முற்றிக் கல் மாதிரி ஆனால் டாக்டருக்குத்தான் கஷ்டம், உள்ளே கசிந்து அழுத்தம் ஏறிவிட்டால் பார்வை திரும்பாமலே போகலாம்.

சென்னைவாசி77:

பயப்படுகிறவர்களைக் குறை சொல்லாதீர்கள். இலவசம் என்றால் தரம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும். எங்கள் மாமனாருக்கு ஒரு தனியார் இடத்தில் பேக்கேஜ் என்று சொல்லி ஒரு கண்ணுக்கே ஐந்து இலக்கத்தில் வாங்கினார்கள். அதையே ஒருத்தர் சும்மா செய்கிறார் என்றால் எதையோ குறைக்காமல் எப்படி முடியும்?

முகாம்மணி:

நியாயமான கேள்வி. எதைக் குறைத்தார்கள் என்று சொல்கிறேன். உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்துதான் வரும், ஒன்று நூறு டாலருக்குப் பக்கத்தில். அதனால் ஏழைக்கு லென்ஸ் கிடையாது. புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள், பத்து பவர். அது உடைந்தாலோ பஸ்ஸில் தொலைந்தாலோ மறுபடி குருடுதான், அப்படித் திரும்பி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். 1992இல் மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஆட்கள் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி லென்ஸை அங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள், விலை பத்து டாலர் பக்கம் வந்து அப்புறம் இன்னும் கீழே போனது. நேபாளத்தில் சந்துக் ரூயித் டாக்டர் தொடங்கிய தில்கங்கா கண் ஆஸ்பத்திரியிலும் லென்ஸ் தொழிற்சாலை வந்தது, ஆப்பிரிக்காவில் எரித்ரியாவிலும் ஒன்று.

அடுத்தது நேரம். ஆபரேஷன் அறையில் இரண்டு மேஜை, டாக்டர் ஒரு கண்ணை முடிக்கும்போது அடுத்த மேஜையில் ஆள் தயாராகப் படுத்திருப்பார். டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும். மற்ற வேலையெல்லாம் கிராமத்திலிருந்து வந்து இரண்டு வருஷம் பயிற்சி எடுத்த பெண்கள் செய்கிறார்கள். தையலில்லாத சிறு வெட்டு முறையில் கை தேர்ந்தவர் ஒரு கண்ணைப் பத்து நிமிஷத்துக்குள் முடிப்பார். வெங்கடசாமி டாக்டர் அரசு வேலையில் ரிட்டையர் ஆன பிறகு, 1976இல், 11 படுக்கையோடு ஆரம்பித்த இடம்தான் அரவிந்த். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடுதான் அவர் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். காசு கொடுக்கிறவர்கள் கொடுப்பதில்தான் கொடுக்க முடியாதவர்களுக்கு ஓடுகிறது, இரண்டு பேருக்கும் அதே டாக்டர்கள்தான். குறைத்தது ஏசி அறை, கட்டில். பாய் கொடுப்பார்கள்.

சந்தேகப்பேர்வழி:

எல்லாரும் புகழ்ந்துகொண்டே இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். இந்தியாவில் பார்வையின்மை 2006–07இல் 1 சதவீதம், 2015–19 கணக்கெடுப்பில் 0.36 சதவீதம், பெரிய சாதனை என்று எழுதினார்கள். 2017இல் அளவுகோலையே மாற்றினார்கள் என்பதை எத்தனை பேர் எழுதினார்கள்? முன்பு நல்ல கண்ணில் 6/60க்குக் கீழே இருந்தால் பார்வையற்றவர். இப்போது 3/60க்குக் கீழே. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு அதுதான், ஒப்பிட வசதி, சரி. ஆனால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று சொல்வது, படியைப் பெரிதாக்கிவிட்டு நெல் குறைந்திருக்கிறது என்று சொல்வது போலத்தான். குறையவே இல்லை என்று சொல்லவில்லை, குறைந்திருக்கிறது. எவ்வளவு என்பதில்தான் எனக்குச் சண்டை.

அதே கணக்கெடுப்பில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையின்மைக்குக் காரணம் பாருங்கள், 66.2 சதவீதம் புரை. புரை ஆபரேஷனில் வந்த சிக்கலால் பார்வை போனவர்கள் 7.2 சதவீதம். அதாவது சிகிச்சை எடுத்துக்கொண்டே பார்வை போனவர்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வருஷத்துக்கு இத்தனை ஆபரேஷன் என்று இலக்கு வைத்து எண்ணுகிறோம். முடிந்து ஆறு வாரம் கழித்து அந்த ஆள் எத்தனை வரி படிக்கிறார் என்று யார் எண்ணுகிறார்கள்?

முகாம்மணி:

இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் ஆபரேஷன் செய்த காலத்தில் கிருமி புகுந்து வரிசையாகக் கண் போன கதைகள் உண்டு, அதனால்தான் முகாமில் பரிசோதனை மட்டும், ஆபரேஷன் ஆஸ்பத்திரியில் என்று விதி வந்தது. திரும்ப வந்து காட்டுவதுதான் இன்னும் ஓட்டை. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னால் பாதிப் பேர் வருவதில்லை, நன்றாகத் தெரிகிறவர் எதற்கு வரப்போகிறார், தெரியாதவரோ தலையெழுத்து என்று வீட்டில் இருந்துவிடுவார். 2021 உலக சுகாதார மாநாட்டில் 2030க்கு ஒரு இலக்கு வைத்தார்கள், ஆபரேஷன் தேவைப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடந்து நல்ல பார்வையும் வந்தது என்று இரண்டையும் சேர்த்து அளக்கும் கணக்கு அது. நீங்கள் கேட்பதும் அதுதானே.

ரிஃப்ராக்‌ஷன்_ரேவதி:

ஆப்டோமெட்ரி படித்தவள் என்பதால் 6/60 பற்றி ஒரு சின்ன விளக்கம், மேலே நிறைய பேர் குழம்பியிருப்பீர்கள். சாதாரணக் கண் 60 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை ஒருவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறார் என்றால் 6/60. அதே எழுத்துக்கு 3 மீட்டர்வரை வர வேண்டியிருந்தால் 3/60. கிராமத்தில் சார்ட் இல்லாவிட்டால் மூன்று மீட்டரில் நின்று விரலை எண்ணச் சொல்வோம். இந்த அளவெல்லாம் நல்ல கண்ணில் எடுப்பது, அதுவும் அவர் வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு.

கண்ணாடி என்றதும்தான் ஞாபகம் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கையில் உலகத்தில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு, அதில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது, அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் இருப்பது என்று இருக்கிறது. அந்த 100 கோடியில் மிகப் பெரிய பங்கு என்ன தெரியுமா? வெள்ளெழுத்து! எங்கள் தாத்தா சாளேசுரம் என்பார். நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்குமே, அதுதான். ரெடிமேட் கண்ணாடி ஒன்று போதும். அது இல்லாமல் தையல்காரர் தொழிலை விடுகிறார், பூ கட்டுகிற அம்மா நூலைத் தடவித் தடவிக் கட்டுகிறார், மருந்துப் பட்டையில் தேதி பார்க்க முடியவில்லை. யாரும் இதை நோய் என்றே நினைப்பதில்லை, அதனால் கேட்பதும் இல்லை.

பிள்ளைகள் கதை வேறு மாதிரி. பள்ளியில் கண்ணாடி கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதி கண்ணாடி பைக்குள் இருக்கும். "கண்ணாடி போட்ட பொண்ண யாரு கட்டுவா" என்று வீட்டிலேயே சொல்லிக் கழற்ற வைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம்!

பதுளைக்காரி:

ரேவதி சொன்னதற்கு என் பக்கத்துச் சாட்சி. நான் இலங்கை மலையகம், அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். நாற்பத்தைந்துக்குப் பிறகு அவரது நிறுவை குறைந்துகொண்டே வந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பார்த்துக் கிள்ள வேண்டும், முற்றல் இலை கலந்தால் கங்காணி கத்துவார். வயதாகிவிட்டது, கை மெதுவாகிவிட்டது என்றுதான் நாங்களும் நினைத்தோம், அம்மாவும் நினைத்தார். கண் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வந்ததைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட தொழிலாளிகளுக்குக் கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து 21.7 சதவீதம் கூடுதல். ஒரு மலிவான கண்ணாடி. அம்மாவுக்கு அந்த வருஷங்களில் குறைந்த காசை நான் இப்போது கணக்குப் பார்க்க விரும்பவில்லை.

எங்கள் நாட்டைப் பற்றி ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஹட்சன் சில்வா என்ற டாக்டர் 1961இல் கண் தானச் சங்கம் தொடங்கினார். 1964இல் சிங்கப்பூருக்கு முதல் கண்களை அனுப்பினார்கள், பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கிறது. கண்ணைத் தானம் கொடுப்பது பெரிய புண்ணியம் என்பது பௌத்தர்களிடம் ஏற்கெனவே இருந்த நம்பிக்கை. அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வயக்காட்டு_வாத்தியார்:

தானம் கொடுத்த கண்ணில் மாற்றி வைப்பது கருவிழியைத்தான், அதனால் நானும் வருகிறேன். டெல்டாக்காரன். அறுப்புக் காலத்தில் நெல் சுணையோ தாளோ கண்ணில் பட்டுவிடும், சின்னக் கீறல்தான். அடுத்து என்ன நடக்கும்? ஒருத்தி பச்சைப் பிள்ளைக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி விடுவாள், இன்னொருத்தர் நந்தியாவட்டைச் சாறு, நாக்கால் துழாவித் தூசி எடுக்கும் கிழவி ஒருத்தி எங்கள் ஊரில் பிரபலமாக இருந்தார். ஒரு வாரத்தில் கண் பழுத்து, கடைசியில் பூ விழுந்துவிடும். மண்ணிலும் பயிரிலும் இருக்கும் பூஞ்சை அந்தக் கீறலுக்குள் புகுந்துகொள்கிறது. மதுரை மாவட்டத்தில் 90களில் கணக்கெடுத்தபோது வருஷத்துக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்ததாகத் தெரிந்தது. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் இதே போல எடுத்த கணக்கைவிடப் பத்து மடங்கு. அதில் பெரும்பாலும் வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள், அதனால்தான் இது புரையைவிடக் கொடுமை. கருவிழி மாற்றினாலும் பழைய கண் ஆகாது.

பாலும் சாறும்கூடப் பழைய கதை. இப்போதைய வில்லன் மெடிக்கல் ஷாப். கண் சிவந்திருக்கிறது என்றதும் ஒரு சொட்டு மருந்து எடுத்துக் கொடுப்பார், ஸ்டீராய்டு. போட்டதும் சிவப்பு போய்விடும், அருமையான மருந்து என்று நினைப்போம், உள்ளே பூஞ்சைக்கு அது விருந்து. பூஞ்சை இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறும். என் மாணவன் ஒருவன் அலர்ஜிக்கு இரண்டு வருஷம் அப்படிப் போட்டு ஒரு கண்ணின் ஓரப் பார்வையை இழந்தான். எழுதிக் கொடுத்த சீட்டில்லாமல் கண் மருந்து வாங்காதீர்கள், வேறென்ன சொல்ல.

அரைப்பார்வை:

இந்த இழையை மூன்று நாளாகத் திரைவாசிப்பான் படிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தைக்குப் பார்வை வந்ததில் உண்மையாகவே சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன், ஆபரேஷனே இல்லாத கண்ணுக்கு இங்கே யாராவது ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா?

எனக்கு விழித்திரை நோய், பிறவியிலேயே மரபணுவில் வந்தது. சின்ன வயதில் மாலைக்கண், அப்புறம் ஓரங்கள் சுருங்கிச் சுருங்கி இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. அப்பாவும் அம்மாவும் மாமன் மகள், அத்தை மகன். சொந்தத்தில் கட்டினால் இது மாதிரி நோய் வரும் வாய்ப்பு கூடும் என்று டாக்டர் சொன்னபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நடுவில் இருக்கும் பார்வை நன்றாக இருப்பதால் என்னால் செல்போனில் சின்ன எழுத்தைக்கூடக் கொஞ்ச நேரம் படிக்க முடியும். ஆனால் எதிரே நிற்கும் பைக் தெரியாது. இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. ஒரு தடவை பஸ்ஸில் மாற்றுத்திறனாளி இருக்கையில் உட்கார்ந்து போனை எடுத்து இடம் பார்த்தேன். "போன் பாக்கத் தெரியுது, குருடன் சீட்டு கேக்குதா" என்று ஒருவர் எழுப்பிவிட்டார், கண்டக்டர் வேடிக்கை பார்த்தார். வெள்ளைக் கோலை எடுத்தால் குருடன், மடித்துப் பைக்குள் வைத்தால் நடிகன். முழுப் பார்வையும் போனவருக்குச் சமூகம் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறது, பரிதாபமாவது கிடைக்கும். நடுவில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

எனக்குத் தேவையானது ஆபரேஷன் இல்லை. கோலோடு நடக்கப் பயிற்சி, வெளிச்சம் சரியாக உள்ள மேஜை, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி, அலுவலகத்தில் எழுத்து பெரிதாகத் தெரியும் திரை, படிக்கட்டு விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டை. பெயிண்ட் எவ்வளவு ஆகிவிடும்? முதலில் போன கண் டாக்டர் "இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வாக்கியத்தால் ஆறு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். குறைபார்வைக்கென்று தனிப் பிரிவு பெரிய கண் மருத்துவமனைகளில் உண்டு என்பதே எனக்கு யதேச்சையாகத்தான் தெரிந்தது. இதை எழுதக் காரணம், உங்கள் வீட்டில் யாருக்காவது "ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொன்னால் அந்தப் பிரிவு எங்கே என்று கேளுங்கள்.

ரிஃப்ராக்‌ஷன்_ரேவதி:

மன்னிக்கணும். எங்கள் படிப்பிலேயே குறைபார்வைக்குக் கொடுக்கும் நேரம் ரொம்பக் குறைவு, அதுதான் உண்மை.

கோமாசி_குமார்:

கானாவில் நாலு வருஷம் பம்பு செட் வேலை பார்த்தேன், வடக்குப் பக்கம். அங்கே வயதான பலரிடம் கேட்டால் சின்னப் பையன் ஒருவன் கோலின் ஒரு முனையைப் பிடித்து முன்னால் நடக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கண் தெரியாத பெரியவர் பின்னால் வருவது சாதாரணக் காட்சியாக இருந்தது என்பார்கள். ஆற்றுக் குருடு. வேகமாக ஓடும் ஆற்றில் முட்டையிடும் ஒரு கருப்பு ஈ கடித்து உடம்புக்குள் புழு வந்துவிடும், அது போடும் குட்டிகள் தோலிலும் கண்ணிலும் பரவிச் சாகும்போது கண் போகும். நல்ல வண்டல் நிலமெல்லாம் ஆற்றோரத்தில்தான், ஆனால் குடியானவன் அதை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினான். ஊர் ஊராகக் காலி செய்திருக்கிறார்கள். நம் ஊரில் ஆற்றங்கரையை விட்டு எவனாவது ஓடுவானா, யோசித்துப் பாருங்கள்.

1974இல் ஹெலிகாப்டர் வைத்து ஆற்றில் மருந்து தெளித்து ஈயின் புழுவை அழிக்க ஆரம்பித்தார்கள். 1987இல் மெர்க் கம்பெனி ஐவர்மெக்டின் மாத்திரையைத் தேவைப்படும்வரை இலவசமாகக் கொடுக்கிறோம் என்றது. அந்த மாத்திரை பெரிய புழுவைக் கொல்லாது, குட்டிகளைத்தான் கொல்லும், பெரியது பத்துப் பதினைந்து வருஷம் உள்ளே உயிரோடு இருக்கும். ஆகவே வருஷாவருஷம் ஊர் மொத்தமும் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதை டாக்டர் கொடுக்கவில்லை, அந்தந்த ஊரே தேர்ந்தெடுத்த ஆள் கொடுத்தார். எடை மெஷின் கிடையாது. கோடு போட்ட ஒரு கம்பு வைத்திருப்பார், பக்கத்தில் நிற்க வைத்து உயரத்துக்கு இத்தனை மாத்திரை. எனக்கும் ஒரு தடவை அளந்து கொடுத்தார்கள்! அந்தக் கம்புதான் அந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ட்ரக்கோமாவும் அங்கே இருந்தது, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2018இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது, சஹாராவுக்குத் தெற்கே முதல் நாடு. இந்தியாவுக்கு அந்தச் சான்று 2024 அக்டோபரில்தான் வந்தது. இமை உள்பக்கம் மடங்கி முடி கருவிழியை உரசும் நோய் அது. அக்கம்பக்கத்து நாடுகளில் பெண்கள் சின்ன இடுக்கி ஒன்றை வைத்துக்கொண்டு தங்கள் இமை முடியைத் தாங்களே பிடுங்கிக்கொள்வார்களாம். முகம் கழுவத் தண்ணீர் இருந்தாலே பாதி நோய் போய்விடும், நான் போட்ட பம்பு எதற்காவது உதவியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சந்தேகப்பேர்வழி:

கோமாசி, கம்பு விஷயம் அருமை. மணி அண்ணன் ஒரே தெருவில் ஆபரேஷன் முடிந்த பாட்டி என்று சொன்னதும் இதுவும் ஒன்றுதானே, வெளியாள் சொன்னால் எடுபடாது.

குறைமாதத்_தகப்பன்:

சுருக்கமாக ஒன்று, பெற்றோர் யாராவது படித்தால் உதவும். பிள்ளை 34 வாரத்துக்குள் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தாலோ பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். ஆக்சிஜனில் வைத்துக் காப்பாற்றிய பிள்ளைகளுக்குத்தான் குறைமாத விழித்திரை நோய் அதிகம் வரும். எங்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டில் யாரும் எழுதவில்லை, பக்கத்துப் படுக்கைக்காரர் மனைவி சொல்லித்தான் போனோம், 27ஆம் நாள். லேசர் போட்டார்கள். இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு, ஆறு நம்பர் கண்ணாடி போட்டிருக்கிறாள், கழற்றவே மாட்டாள்.

முகாம்மணி:

தங்கமான தகவல் தம்பி. முன்பெல்லாம் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ குறைந்துதான் கண் போகும், அதிலும் தட்டம்மை போட்டு எழுந்த பிள்ளைக்குச் சட்டென்று கருவிழி கரைந்துவிடும். ஒன்பதாம் மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சொட்டு, அம்மைத் தடுப்பூசி, முருங்கைக்கீரை என்று வந்து அது இங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த இடத்துக்கு இப்போது குறைமாதப் பிள்ளைகளும் சர்க்கரைக்காரர்களும் வருகிறார்கள். சர்க்கரைக்காரர் பாடு பெரும்பாடு. வலியே இருக்காது, பார்வையும் நன்றாக இருக்கும், எதற்குக் கண்ணைக் காட்ட வேண்டும் என்பார். கண் தெரியாமல் போன பிறகு அவர் வரும்போது உள்ளே ரத்தம் கசிந்திருக்கும்.

கரிசல்காட்டான்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அரைப்பார்வை அண்ணா, எங்கள் அலுவலகப் படிக்கட்டுக்கு மஞ்சள் பட்டை கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை, விடமாட்டேன்.

அத்தை விஷயம். இடது கண்ணும் போன வெள்ளிக்கிழமை முடிந்தது. வலது கண் தெளிந்ததும் அவர் செய்த முதல் காரியம், பெட்டியில் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து எண்ணியது. நூறு ரூபாய் என்று மடித்து மடித்து வைத்திருந்ததில் பாதி இருபது. கடையில் மீதி கொடுக்கும்போது யாரோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், மூன்று வருஷமாக. யார் என்று அத்தைக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறார். அந்தக் கடைக்குத்தான் இப்போதும் போகிறார், போய் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் முந்தானையில் முடிகிறாராம்.

மணி அண்ணே, நீங்கள் சொன்னது சரியாக நடந்தது. தெருவில் மூன்று பேர் வருகிறோம் என்று அவர்களாகவே சொல்லிவிட்டார்கள். நாலாவது ஒரு ஆச்சி, "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்கிறார். அவரை அத்தை பார்த்துக்கொள்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு ஷேர் ஆட்டோ பேசியாகிவிட்டது. ஒருவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டுமா?

முகாம்மணி:

வேண்டவே வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரை பிரஷர் மாத்திரை வழக்கம் போலப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். இரண்டு நாளுக்கு மாற்றுத் துணி, ஆதார், வீட்டு ஆள் ஒருவரின் போன் நம்பர். வேன் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பும். அந்த ஆச்சி ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணை மட்டுமாவது காட்டிவிட்டுப் போகட்டும், அத்தை பக்கத்தில் உட்காரட்டும்.